மெதுவாகச் சொன்ன நட்சத்திரம்

திருத்தணி மலையில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பேரும் நட்சத்திரமும் ராசியும் கேட்பார். ரோகிணி, உத்திரம், அனுஷம் என்று ஜனங்கள் வாய் நிறையச் சொல்லுவார்கள். ஜம்பகம் மட்டும் தட்டின்மேல் குனிந்துகொண்டு, பக்கத்தில் நிற்கும் கணவன் மணவாளனுக்கே காதில் விழாதபடி சொல்லுவாள்.

“ஜம்பகம். ஆயில்யம். கடக ராசி.”

“கொஞ்சம் சத்தமா சொல்லும்மா” என்று குருக்கள் காதை முன்னே கொண்டுவருவார். அவள் இன்னும் மெதுவாகச் சொல்லுவாள். மணவாளன்தான் பொறுமையிழந்து, “ஆயில்யம் சாமி, ஆயில்யம்” என்று கத்துவார். பின்னால் நிற்கிற பெண்கள் ஒருதரம் எட்டிப் பார்ப்பார்கள். அவளுக்கு முதுகு கூசும். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அவள் ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். மாசி மகத்துக்கு விடிகிற நேரம். திருத்தணிக்குப் போகிற முதல் பஸ் தெருமுனையில் ஆரன் அடிக்கவும் உள்ளே குழந்தை அழவும் சரியாக இருந்ததாம். மகத்தன்று பெண் பிறந்தது என்று அவள் நைனா வெல்லம் வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். பஞ்சாங்கம் பார்க்கிற துரைக்கண்ணு அந்த வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டே, “மகம் பொழுது விடிஞ்சப்புறம்தான் வருது. இது ஆயில்யம்” என்று சொல்லிவிட்டார். வெல்லம் கொடுப்பது பாதியில் நின்றுபோனது. மீதியை அம்மா பருப்புப் பாயசத்துக்கு எடுத்து வைத்தாள் என்று சொல்லுவார்கள்.

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது. இந்தப் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாருக்கும் தானாகவே தெரியும். ஜம்பகம் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தறி நூலை ராட்டையில் தாராகச் சுற்ற உட்கார்ந்தாள். பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கூடப் படித்தவளுக்கெல்லாம் பிள்ளை பிறந்து அது நடக்கவும் ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் திருத்தணியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். மலையடிவாரத்தில் அவர்களுக்குத் துணிக்கடை. மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் வாங்குகிற மஞ்சள் துண்டு, வேட்டி. சரக்கு எடுக்க வந்த இடத்தில், ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நூல் ஒருதரம் கூட அறுபடவில்லை.

“எம்பையனுக்குக் குடுக்கறீங்களா?”

“ஆயில்யம்ங்க” என்றாள் ஜம்பகத்தின் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“மாமியாருக்குத்தானே ஆகாது? மாமியார் நான்தானே கேக்கறேன். எனக்கு ஆவும், குடுங்க.”

அப்படிச் சிரித்துக்கொண்டே கூட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஆவணியில் கல்யாணம். மார்கழி பிறந்ததும் மாமியாருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பச்சிலை கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், கடைசியில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பொங்கலுக்கு அந்த வீட்டில் பானை ஏறவில்லை.

பிணத்தை எடுப்பதற்கு முன்னாலேயே நாத்தனார் ஸ்வர்ணா கூட்டத்தில் ஜம்பகத்தை நோக்கிக் கையை நீட்டிச் சொன்னாள். “வந்தா. முழுங்கிட்டா.”

ஜம்பகத்துக்கும் அதுதான் தோன்றியது. தன்னை வேண்டுமென்று கேட்ட ஒரே மனுஷியைத் தான்தான் கொன்றுவிட்டோம் என்று அவள் அன்றைக்கு நம்பியது நம்பியதுதான். மாமியாரின் மணைக்கட்டையில் அவள் ஒருநாளும் உட்காரவில்லை. ஒவ்வொரு வருஷமும் திதிக்கு எல்லாம் சமைத்து இறக்கிவிட்டு, படைக்கிற நேரத்துக்குப் பின்கட்டுக்குப் போய்விடுவாள். இலை போடுவது ஸ்வர்ணாதான். யாரும் அப்படிச் செய் என்று சொன்னதில்லை.

காலம் போனது. ஒரே பையன் விஷ்ணு. படித்து முடித்துத் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, காலையில் மின்சார ரயிலில் போய் இருட்டினபிறகு வருவான். ஜம்பகத்துக்குச் சர்க்கரை வந்தது, ரத்தக்கொதிப்பு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்குவாள். அங்கே தேவிப்பிரியா என்று ஒரு பெண். பொடி எழுத்தைப் படிக்க ஜம்பகம் சிரமப்படுகிறாள் என்பதை முதல் நாளே கண்டுகொண்டு, அட்டையின் பின்னால் சூரியனும் பிறையும் வரைந்து கொடுத்தாள்.

“சூரியன் போட்டது காலைல, அத்தை. பிறை போட்டது ராத்திரிக்கு. மாத்திப் போட்டீங்கன்னா சூரியனுக்குக் கோவம் வந்துடும்.”

“வந்தா இன்னா பண்ணும்?”

“எனக்குத்தான் வேலை போவும்.”

இந்த மாதிரி ஒரு பெண் வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று ஜம்பகம் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்ததுண்டு. அவள் நினைப்பதற்கு முன்னாலேயே பையன் நினைத்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விஷ்ணு வந்து சமையற்கட்டு வாசலில் நின்றான். மெடிக்கல் பெண் என்றதும் அவளுக்கு உள்ளே குளிர்ந்துதான் போனது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“இன்னா நட்சத்திரமாம்?”

அவன் கொஞ்ச நேரம் கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிக்கொண்டிருந்தான். “ஆயில்யம்னு சொன்னா. ஆனா வெளிநாட்டு ஆப் ஒண்ணுல போட்டுப் பாத்தோம்மா. அதுல சந்திரன் சிம்மத்துல இருக்குது. கடகமே கிடையாது.”

“அப்போ வெளிநாட்டுக்கே போயி மாமியாரைத் தேடிக்கச் சொல்லு.”

வாயில் வந்தது அது. வயிற்றில் இருந்தது வேறு. தனக்கோ உடம்பு சரியில்லை. இந்தப் பெண் வந்து ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ தனக்கு ஏதாவது ஆனால், பிணத்துக்கு முன்னால் ஒருத்தி கையை நீட்டுவாள். தேவிப்பிரியா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அப்புறம் சாகிற வரைக்கும் தட்டின்மேல் குனிந்து மெதுவாகப் பேசுவாள். நட்சத்திரம் வேலை செய்யும் என்பதற்கு ஜம்பகத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை. அவளேதான் சாட்சி.

இதை அவள் யாரிடமாவது அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. தேவிப்பிரியாவின் அம்மா அம்சா, பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வீடு தேடி வந்து, “புள்ளைங்க ஆசைப்பட்டுட்டாங்க, நீங்க இன்னா சொல்றீங்க” என்று கேட்டபோது, ஜம்பகம் தடுமாறி, ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

“நான் இன்னும் கொஞ்ச நாள் உசுரோட இருக்கணும்மா.”

அம்சா பழத்தை வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த வார்த்தை மெடிக்கல் வரைக்கும், கடைத்தெரு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மாத்திரை வாங்க ஜம்பகம் அதன்பிறகு மணவாளனை அனுப்பினாள். அட்டையின் பின்னால் சூரியனும் பிறையும் வந்துகொண்டுதான் இருந்தன. கொஞ்ச மாதத்தில் அதுவும் நின்றது. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டதாக மணவாளன் சொன்னார்.

விஷ்ணு சண்டை போடவில்லை. ரயிலில் அலைவது கஷ்டமாக இருக்கிறது என்று திருவள்ளூரிலேயே அறை எடுத்துக்கொண்டான். வேறு பெண்ணின் போட்டோவைப் போனில் அனுப்பினால், பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு வரும். பதில் வராது. கிருத்திகைக்கு வருவான், மலைக்குப் போவான், சாப்பிடுவான், போய்விடுவான். இப்படி இரண்டு வருஷம் போனது.

“ஒரு ஆள் சொன்னதையே புடிச்சிக்கினு கீறியே” என்றார் மணவாளன் ஒருநாள், துண்டுகளை மடித்துக்கொண்டே. “துரைக்கண்ணு செத்து எத்தினி வருஷம் ஆவுது. மார்க்கெட்டாண்ட விஜயராகவன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல பாக்கறாராம். பரிகாரம் எதுனா இருந்தா கேட்டுக்கினு வா. பையன் முகத்தைப் பாக்க முடியல எனக்கு.”

விஜயராகவன் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிக்கொண்டிருந்தார். ஜம்பகம் சொல்லத்தான் கிடைத்தது. விஷ்ணு முன்பு கொடுத்திருந்த தேவிப்பிரியாவின் பிறந்த விவரத்தைப் போட்டுப் பார்த்து, “ஆயில்யம்தாம்மா. சந்தேகமே இல்ல. எந்தப் பஞ்சாங்கத்துல பாத்தாலும் ஆயில்யம்தான்” என்றார்.

“பையன் வெளிநாட்டுக் கணக்குல சிம்மம்னு சொன்னான்.”

“அது வேற கணக்கு. அவங்க, வசந்த காலத்துல பகலும் ராத்திரியும் சமமா வருதே, அன்னிக்கு சூரியன் நிக்கற எடத்துலருந்து எண்றாங்க. நம்ம பெரியவங்க வானத்துல நிக்கற நட்சத்திரத்துலருந்து எண்ணாங்க. ஒரு காலத்துல ரெண்டும் ஒரே எடமாதான் இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகந்து நகந்து, இப்போ முக்கால் ராசிக்குமேல வித்தியாசம். அயனாம்சம்னு அதுக்குப் பேரு. நாம தை ஒண்ணாந்தேதி பொங்கல் வெக்கறோம், உத்தராயணம்னு. சூரியன் பாத்தீங்கன்னா மார்கழிலயே வடக்கால திரும்பிடறான்.”

“நாம வெக்கறதுக்கு முன்னாடியே போயிடறானா?”

“போயிடறான்.”

ஜம்பகத்துக்குத் தறியின் நீள நூலான பாவு ஓட்டுவது ஞாபகம் வந்தது. கட்டம் போட்ட லுங்கிக்கு முதல் இழை எது என்று நைனா ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார். அந்த முடிச்சை விட்டுவிட்டு வேறு இழையிலிருந்து எண்ணினால், நூலெல்லாம் அதே நூல்தான், கட்டம் மட்டும் தள்ளித் தள்ளி விழும். ஆகாயத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.

“சரி, பொண்ணை விடுங்க” என்றார் விஜயராகவன். “உங்களுக்கு ஆவாதுன்னு பயப்படறீங்க இல்ல? அப்போ உங்க ஆயுசை உங்க ஜாதகத்துல இல்ல பாக்கணும்? சொல்லுங்க, எப்போ பொறந்தீங்க?”

அவள் வருஷம் சொன்னாள், மாசி மகம் சொன்னாள், முதல் பஸ் ஆரன் அடித்ததைச் சொன்னாள். விஜயராகவன் அந்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டு தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நீங்க இன்னா நட்சத்திரம்னு சொன்னீங்க?”

“ஆயில்யம்ங்க.” இங்கேயும் குரல் தானாக இறங்கியது.

“இதுல மகம் வருதே. சிம்ம ராசி. நீங்க பொறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஆயில்யம் முடிஞ்சிடுச்சு.”

அவள் திரையைப் பார்த்தாள். கட்டங்கள் இருந்தன. ஒன்றும் புரியவில்லை.

“உங்களுக்குப் பாத்தவர் வாக்கியப் பஞ்சாங்கம் வெச்சிருந்திருப்பார். பழைய வாக்கியங்களை வெச்சிக் கணக்குப் போடறது. நான் பாக்கறது திருக்கணிதம், ஆகாயத்தைப் பாத்துத் திருத்தின கணக்கு. ரெண்டுமே நட்சத்திரத்துலருந்து எண்றதுதான். ஆனா ஒரு நட்சத்திரம் எப்போ முடியுதுங்கறதுல முன்ன பின்ன வரும். எல்லைல பொறந்தவங்களுக்குத்தான் தொந்தரவு. ஆயில்யம் முடியற எடத்துலயே கடகமும் முடியுது. உங்களுக்கு நட்சத்திரமும் மாறுது, ராசியும் மாறுது.”

“எது நெசம்?”

“ரெண்டுத்தையும் நம்பறவங்க கீறாங்கம்மா. வாக்கியத்தைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது. எங்க அப்பாவும் அதான் பாத்தார்.”

வெளியே பூக்காரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, எதிரே இருப்பவரைக் கேட்கிற மாதிரி இல்லாமல் கேட்டாள்.

“அப்போ எங்க மாமியார் எதால செத்தாங்க?”

விஜயராகவனுக்கு அந்தக் கதை தெரியாது. “உடம்புக்கு இன்னா இருந்தது?”

“காமாலை.”

“அப்போ காமாலையாலதான்” என்றார் அவர்.

அவள் எழுந்து படி இறங்கினாள். பாரம் இறங்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும், இல்லை. தான் மகம் என்றால், ஆயில்யம் மாமியாரைக் கொல்லும் என்பதற்கு அவள் கண்ணால் கண்ட சாட்சியே இல்லை. அந்தச் சாட்சியை வைத்துக்கொண்டுதானே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினாள்? தன்னைப் பெண் கேட்டு வந்த மாமியார் நட்சத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். தனக்கு அப்படி ஒரு நாள் வந்தபோது, தான் என்ன செய்தோம்?

வீட்டுக்குப் போகவில்லை. வழியிலேயே பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, அம்சா வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள்.

அம்சா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். “வாங்க. உடம்பெல்லாம் எப்பிடி கீது? உசுரோட கீறீங்களே, சந்தோஷம்.”

“என்னை ஏசு அம்சா. கேட்டுக்கினுதான் போவேன்.”

“ஏசி இன்னா ஆவப்போவுது. உக்காருங்க.”

ஜம்பகம் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், “நான் ஆயில்யம் இல்லியாம்” என்றாள்.

“அதுக்கு? எம்பொண்ணு ஆயில்யம்தானே?”

அப்புறம் தாறுமாறாகச் சொன்னாள். மாமியார் சிரித்துக்கொண்டு பெண் கேட்டது, காமாலை, ஸ்வர்ணா கையை நீட்டியது. உயிருக்குப் பயந்து சொல்லவில்லை, தான் செத்தால் பழி இந்தப் பெண் தலையில் விழுமே என்று பயந்தது. சொல்லச் சொல்ல, அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு சின்ன விஷயம் என்று அவளுக்கே தெரிந்தது. அம்சாவின் கையில் முறம் அசையாமல் நின்றிருந்தது.

“இத அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் உங்க கால்ல விழுந்தாவது பேசியிருப்பேனே” என்றாள் அம்சா. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நிச்சயம் ஆயிடுச்சுங்க. சோளிங்கர்ல. வர்ற வைகாசில கல்யாணம்.”

உள்ளேயிருந்து தேவிப்பிரியா தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

“மாத்திரை ஒழுங்கா போடறீங்களா அத்தை?”

“போடறேம்மா.” ஜம்பகம் சொம்பை வாங்கிக்கொண்டாள். “மாப்பிள்ளை வீட்ல யார் யாரு?”

“அவரு, அவங்க நைனா. மாமியார் போட்டோல கீறாங்க.” தேவிப்பிரியா கதவில் சாய்ந்துகொண்டாள். “எங்களுக்கு அதான் அத்தை முதல் பொருத்தம். வர்றவங்க எல்லாரையும், மாமியார் போட்டோவுக்கு மாலை போட்டாச்சான்னு கேட்டுட்டுதான் ஜாதகமே வாங்குவோம்.”

“சும்மா இருடி” என்றாள் அம்சா.

“நெசம்தானே. சண்டை போடறதுக்குக்கூட ஒரு ஆள் இல்லாத வீடு. நல்ல மனுசங்கதான். இன்னா, சமைக்கிறதுல உப்பு கம்மின்னு சொல்றதுக்கு யாரும் கிடையாது.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு, வேறு எதையோ பார்க்கிற மாதிரி, “விஷ்ணு நல்லா இருக்காரா?” என்று கேட்டாள்.

“இருக்கான்.”

“சாப்பாட்டைப் பாத்துக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடியும் வெளியே வரவில்லை. பூவையும் பழத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜம்பகம் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அம்சாதான் வாங்கி உள்ளே வைத்தாள்.

விஷ்ணுவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். ரயிலோ என்னவோ, அவன் பக்கம் இரைச்சலாக இருந்தது.

“நான் மகமாம்டா. நான் யாரையும் கொல்லலையாம்.”

“நீ யாரையும் கொல்லலன்னு நாங்க எல்லாம் எப்பவோ சொன்னோமே” என்றான் அவன். அப்புறம், “சரிம்மா. சாப்பிட்டியா?” என்றான்.

வைகாசியில் அந்தக் கல்யாணத்தன்று காலை ஜம்பகம் தனியாக மலைக்குப் போனாள். மணவாளன் கடையைத் திறக்கப் போயிருந்தார். முகூர்த்த நாளானதால் கோயிலில் கூட்டம். புது மஞ்சள் கயிறோடு ஜோடி ஜோடியாக வந்துகொண்டிருந்தார்கள். அவள் தட்டை நீட்டினாள்.

“யார் பேருக்கும்மா?”

“தேவிப்பிரியா. ஆயில்யம். கடக ராசி.” சத்தமாகச் சொன்னாள். பின்னால் யாரோ எட்டிப் பார்த்தார்கள். முதுகு கூசவில்லை.

“அப்புறம்?”

“விஷ்ணு. அஸ்தம், கன்னி ராசி.”

“உங்க பேரு?”

“ஜம்பகம்.”

“நட்சத்திரம்?”

இரண்டுமே வாய் வரைக்கும் வந்தன. மகம் என்று சொல்லிவிட்டால் மாமியாரின் சாவு அவளுடையது இல்லை. ஆனால் தேவிப்பிரியாவைத் திருப்பி அனுப்பியதற்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆயில்யம் என்றால் காரணம் இருக்கும்; மாமியாரும் திரும்ப அவள் கணக்கிலேயே வந்து சேருவாள். எதைச் சொன்னாலும் ஒருத்தி பாக்கி. குருக்கள் காதை முன்னே கொண்டுவந்து காத்திருந்தார்.

“எம்பேருக்கு வேணாம் சாமி” என்றாள். “சாமி பேருக்கே பண்ணிடுங்க.”

அவர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். பின்னால் நின்ற புதுப்பெண் ஒருத்தி, தன் நட்சத்திரத்தைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.